கரும்பாறைக்கு மேலும் கீழும்

பள்ளிப்பட்டு,
19-1-2025

கல்பனாவுக்கு,

உன் அண்ணன் தணிகைவேல் எழுதுவது. நைனாவின் காரியத்தன்று சொந்தக்காரர்கள் இருபது பேர் முன்னால் "பாறையைக் கட்டிக்கினு அழுவுறான் எங்கண்ணன்" என்று நீ சொன்னாய். இனி உன்னோடு பேச மாட்டேன் என்று நான் சத்தியம் செய்தேன். சத்தியம் சத்தியம்தான். ஆனால் எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனி கரும்பாறையை உருக்கி, சூடு தாங்கும் பஞ்சாக்கி விற்கிறது, நம் நிலத்துப் பாறை தேறினால் அதையும் வாங்கிக்கொள்ளும் என்று உன் அண்ணியிடம் போனில் சொன்னாயாம். கல்லை அனுப்பு, லேபில் நானே பார்க்கிறேன் என்றும் சொன்னாயாம். அனுப்பியிருக்கிறேன். சித்தூர் பக்கத்திலிருந்து உங்கள் கம்பெனிக்குக் கல் ஏற்றி வரும் சாலமோன் லாரியில் சாக்கு வருகிறது. பதினான்கு துண்டு. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்.

நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. பாறை நம் நிலத்தின் கீழ்க்கோடியில் கிழக்கு மேற்காக, பன்னிரண்டடி அகலத்துக்கு ஒரே வரிசையாக ஓடுகிறது. அதற்கு மேல்புறம், மேட்டுப் பக்கத்தில், நம் கிணறு. சித்திரையிலும் வற்றாது. கீழ்ப்புறம், பள்ளத்தில், துளசிராமன் நிலம். அவன் கிணறு பாழாகி எட்டு வருஷம், போட்ட போர் மூன்றிலும் புகைதான் வந்தது. இந்தப் பாறையை வெட்டி எடுத்துவிட்டால் நம் கிணறு நிற்குமா, நிற்காதா? இரண்டரை ஏக்கரில் நவரை நெல் நட்டிருக்கிறேன். படித்தவள் நீதான், சொல்.

தணிகைவேல்


கும்மிடிப்பூண்டி,
24-1-2025

அன்புள்ள அண்ணா,

பேசாத அண்ணன் எழுதுகிற அண்ணனாகவாவது வந்தாயே, சந்தோஷம். சாலமோன் அண்ணன் சாக்கை இறக்கிவிட்டு, "இன்னாம்மா, உங்கண்ணன் தங்கம் குடுத்தனுப்புற மாதிரி நாலு தடவ சொல்லி அனுப்புறாரு" என்று சிரித்தார். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நம் பாறைக்கு எங்கள் படிப்பில் டைக் என்று பெயர். இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னால், சுற்றிலும் இருக்கிற வெள்ளைப் பாறை விரிசல் விட்டபோது அடியிலிருந்து உருகிய குழம்பு அந்தச் சந்தில் ஏறி வந்து அப்படியே உறைந்துவிட்டது. நீ வரப்பு போடும் இடத்தில் பூமி தானே ஒரு வரப்பு போட்டு வைத்திருக்கிறது.

மண் அப்பிக் கிடந்த பதினான்கையும் அப்படியே உடைத்துப் பொடியாக்கி, வில்லையாக அழுத்தி மெஷினில் வைத்தேன். சிலிக்கா ஐம்பத்தேழு வருகிறது. உருக்கிப் பஞ்சாக்க வேண்டுமானால் ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். இந்த மாதிரிக் கரும்பாறை ஐம்பதைச் சுற்றித்தான் இருக்கும், ஐம்பத்தேழு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. மெஷின் மேல் சந்தேகப்பட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் அதுவே. இன்னொரு சாக்கு அனுப்பு.

மேனேஜர் ரகுநந்தன் சார் ஆவலாக இருக்கிறார். நம் பாறை தேறினால் கல் வாங்கும் பிரிவையே என்னிடம் கொடுப்பாராம். பன்னிரண்டு வருஷமாக ஊரார் கல்லைப் பொடி செய்துகொண்டிருக்கிறேன் அண்ணா.

கிணறு பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். முதலில் கல் என்ன கல் என்று தெரியட்டும்.

கல்பனா


பள்ளிப்பட்டு,
2-2-2025

கல்பனாவுக்கு,

கல் என்ன கல் என்று தெரியட்டும் என்று எழுதியிருக்கிறாய். நைனா காலத்திலிருந்து அது கரும்பாறை. உனக்கு அது இன்னும் தெரியவில்லையென்றால் மெஷினை மாற்றச் சொல்.

இரண்டாம் சாக்கு வருகிறது. இந்தத் தடவை ஒரு குறையும் சொல்ல முடியாதபடி எடுத்திருக்கிறேன். போன தடவை அவசரத்தில் செய்தேன், இந்தத் தடவை இரண்டு நாள் உட்கார்ந்து நியாயமாக எடுத்தேன். இருபத்திரண்டு துண்டு. உன் அண்ணி, "கல்லுக்கு இவ்ளோ பாக்குறியே, பொண்ணு பாக்கச் சொல்லோ இப்டி பாத்தியா" என்று கேட்டாள்.

கிணறு? அடுத்த கடிதத்தில் என்றாய். இதுதான் அடுத்த கடிதம் வர வேண்டிய நேரம்.

தணிகைவேல்


கும்மிடிப்பூண்டி,
9-2-2025

அன்புள்ள அண்ணா,

எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்தத் தடவை அறுபத்திரண்டு!

நான்கு துண்டுகளைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒன்றில் மணி மணியாகப் பெரிய படிகம். இன்னொன்றில் கண்ணுக்கே அகப்படாத பொடிப் படிகம். மற்ற இரண்டில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் என்னென்னவோ. ஒரே பாறையில் இப்படி இருக்க வழியே இல்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒரு குழம்பு இல்லை, இரண்டு குழம்பு. முதலில் ஒன்று ஏறி உறைந்திருக்கிறது. பிறகு அதையே பிளந்துகொண்டு இன்னொன்று ஏறியிருக்கிறது. ஏறுகிற வழியில் அது வெள்ளைப் பாறையைக் கரைத்து விழுங்கியிருக்கிறது. இது நிஜமானால் கல்லூரிக்காரர்கள் நம் நிலத்துக்குக் கூட்டமாக வந்து நிற்பார்கள். ரகுநந்தன் சாரிடம் சொன்னேன். தலைமை அலுவலகத்துக்குப் படம் போட்டு விளக்கச் சொல்லியிருக்கிறார். நோட்டில் பதினோரு பக்கம் எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. துளசிராமன் நிலத்துக் கல் எதுவும் சாக்கில் கலந்துவிடவில்லையே?

கிணறு ஞாபகம் இருக்கிறது. இது முடியட்டும்.

கல்பனா


பள்ளிப்பட்டு,
15-2-2025

கல்பனாவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். அண்ணன் அடுத்தவன் நிலத்துக் கல்லைத் திருடிச் சாக்கில் போடுவான் என்று நினைக்கிற அளவுக்கு நீ படித்திருக்கிறாய். நல்லது.

நான் எப்படி எடுத்தேன் என்று நீ கேட்கவேயில்லை. நானே சொல்கிறேன். நெல் கொள்முதலில் எப்படி மாதிரி எடுப்பார்கள்? அடி மூட்டை, நடு மூட்டை, மேல் மூட்டை என்று மூன்றிலும் குத்தூசி போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் ஈரம் பார்ப்பார்கள். காய்ந்த ஒரு மூட்டையில் மட்டும் எடுத்துக் கொடுக்கிறவன் திருடன். போன வருஷம் அப்படிக் கொடுத்தவனை எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படித்தான் இதையும் எடுத்தேன். இந்த ஓரத்தில் மூன்று, அந்த ஓரத்தில் மூன்று, நடுவில் மூன்று. பாறையை ஒட்டி வெள்ளைக் கல் இருக்கிறதே, அதை மட்டும் ஏன் விட வேண்டும், அதுவும் நம் நிலம்தானே என்று அதிலும் ஐந்து. அதற்கே நீ குறை சொன்னதால், வெள்ளைப் பாறைதான் நிலத்தில் அதிகம், அதைக் குறைவாக எடுத்தது நியாயமில்லை என்று இரண்டாம் சாக்கில் பதிமூன்றாக ஏற்றினேன். நல்ல துண்டாகப் பொறுக்கி அனுப்பி உன்னை ஏமாற்ற எனக்குத் தெரியாதா? நைனா நம்மை அப்படி வளர்க்கவில்லை.

இதில் இரண்டு குழம்பு எங்கே வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கிணறு பற்றி இன்னும் ஒரு வார்த்தை இல்லை.

தணிகைவேல்


கும்மிடிப்பூண்டி,
18-2-2025

அண்ணா,

லேபில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அழுகை வந்தது. பதினோரு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். ரகுநந்தன் சாரிடம் போய், தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. உன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. எங்கிருந்து எடுத்தாய் என்று முதலில் கேட்காத நான்தான் முட்டாள்.

நெல் வேறு, பாறை வேறு அண்ணா. நெல்லில் எல்லா மூட்டையும் சேர்ந்தால்தான் உண்மை. பாறையில் கலந்தால் உண்மை போய்விடும். குழம்பு சந்தில் ஏறியதும், ஓரத்தில் குளிர்ந்த வெள்ளைப் பாறையைத் தொட்ட இடத்தில் சட்டென்று உறைந்துவிடும். படிகம் வளர நேரமே இருக்காது, அதனால் பொடிப் பொடியாக நின்றுவிடும். நடுவில் சூடு ஆற வருஷக்கணக்கில் ஆகும். கற்கண்டு காய்ச்சும்போது பாகை ஆடாமல் அசையாமல் ஆற விட்டால்தானே பெரிது பெரிதாகக் கட்டும், அதே கதைதான். நீ ஓரத்தையும் நடுவையும் வெள்ளைப் பாறையையும் ஒரே சாக்கில் கட்டி அனுப்பினாய். நான் அதைப் பொடி செய்து ஒரே வில்லையாக்கி ஒரு கதை கட்டினேன்.

எனக்கு இப்போது ஒரே ஒரு கல் போதும். நட்ட நடுவிலிருந்து. மேலாக இருப்பது வெயிலிலும் மழையிலும் இற்றுப்போயிருக்கும், அது வேண்டாம். காற்றே படாத கல் வேண்டும். கீழ்ப்புறம் பாறை சுவர் மாதிரி நிற்குமே, அங்கிருந்து ஐந்தாறடி குடைந்தால் கிடைக்கும்.

கல்பனா


பள்ளிப்பட்டு,
6-3-2025

கல்பனாவுக்கு,

நீ கேட்ட கல் வருகிறது. தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், வேறு எதனோடும் கலக்கவில்லை.

சும்மா கிடைத்துவிடவில்லை. பாறையில் துளை போடும் அருணாச்சலத்தின் கம்ப்ரசர் வண்டியைக் கூப்பிட்டேன். கீழ்ப்புறம் வண்டி நிற்க இடம் வேண்டுமே என்று துளசிராமனைக் கேட்டேன், சரி என்று தன் நிலத்தில் நிறுத்த விட்டான். வெடி வைக்கவில்லை. துளை போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்தே மூன்று நாளில் ஐந்தடி உள்ளே போனோம். அதற்கு மேல் ஆப்பு ஏறவில்லை. நீ நட்ட நடு என்று எழுதியிருந்ததால், குறை வைக்க வேண்டாம் என்று அங்கிருந்து இன்னும் ஒரு துளை, ஏழடி நீளக் கம்பி முழுதும் இறங்கும் வரை போடச் சொன்னேன். கம்பி கடைசியில் திடீரென்று லேசாகப் போனது என்றான் அருணாச்சலம். அந்தத் துளையின் வாயில் சம்மட்டியால் உடைத்தெடுத்த கல்தான் இது. உடைத்த முகத்தை வெயிலில் காட்டினால் மினுமினுக்கிறது. இத்தனை வருஷம் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், உள்ளே இப்படி இருக்கும் என்று நினைத்ததில்லை.

குடைந்த இடத்தில் கொஞ்சம் ஈரம் தெரிகிறது. கம்பியைக் குளிர்விக்க ஊற்றின தண்ணீராக இருக்கும்.

நெல் கதிர் பொதி கட்டுகிறது. கிணறு பற்றி நான்காம் தடவையாகக் கேட்கிறேன்.

தணிகைவேல்


கும்மிடிப்பூண்டி,
11-3-2025

அன்புள்ள அண்ணா,

நாற்பத்தொன்பது புள்ளி நான்கு. இரும்பு, மெக்னீசியம் எல்லாம் அளவாக இருக்கிறது. எங்களுக்கு வருகிற எந்தக் கல்லையும் விட நம் கல் சுத்தம். ரகுநந்தன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒப்பந்தக் காகிதம் இதோடு வருகிறது. பட்டாவில் உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து இருப்பதால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். முதலில் நீ போட்டு அனுப்பு, பிறகு நான் போடுகிறேன்.

கிணறு பற்றிக் கவலைப்படாதே. டைக் என்பது கெட்டிக் கல். படிகத்துக்குப் படிகம் இடைவெளியே இல்லாமல் கோத்துக்கொண்டிருக்கிறது, அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இல்லாத கல்லை எடுத்தால் தண்ணீர் எப்படிக் குறையும்? நம் கிணற்றுத் தண்ணீர் வேறு எங்கிருந்தோ வருகிறது.

சந்தோஷமாக இரு. அண்ணியிடம் சொல்.

கல்பனா


பள்ளிப்பட்டு,
20-3-2025

கல்பனா,

நேற்று சத்தியத்தை விட்டு உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. சாலமோன் இன்று கிளம்புகிறான், அதனால் எழுதித் தருகிறேன்.

கிணற்றில் நான்கு படி தண்ணீர் இறங்கிவிட்டது. பதினைந்து நாளில் நான்கு படி. மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினால் காற்றை இழுக்கிறது. நெல் பால் பிடிக்கிற சமயம். இப்போது தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் பதர்தான், உனக்கே தெரியும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மோட்டார் கோளாறு என்று கழற்றிப் பார்த்தேன், இல்லை. மாசி முழுக்க மழை இல்லை, அதனால் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்படியானால் துளசிராமன் கிணற்றில் எப்படித் தண்ணீர் வந்தது? எட்டு வருஷம் முள் அடைத்துக் கிடந்த கிணற்றில் இடுப்பளவு நிற்கிறது. நாம் குடைந்த பொந்திலிருந்து வாய்க்கால் மாதிரி ஓடி அதில் விழுகிறது. நான் போய்ப் பார்த்தபோது அவன் கரையில் உட்கார்ந்திருந்தான். சிரிக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. "நான் ஒண்ணும் பண்ல தணிகை, உன் கல்லுதான் அழுவுது" என்றான்.

கல்லுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது என்று எழுதினாய். நான் நம்பினேன். ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயும் போடு என்பதா, கிழி என்பதா, தெரியவில்லை. உன்னிடம் கோபப்படுவதா, என்னிடமா, அருணாச்சலத்திடமா, அதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொல். நீ எனக்கு எழுதியது உனக்குத் தெரிந்து எழுதியதா?

தணிகைவேல்


கும்மிடிப்பூண்டி,
22-3-2025

அண்ணா,

லேபுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவோம். உன் கடிதம் வந்ததும் நேற்று ராத்திரி கூப்பிட்டேன், நீ மோட்டார் கொட்டகையில் இருப்பதாக அண்ணி சொன்னாள். ஒரு விதத்தில் நல்லது. இதைச் சொல்ல எனக்கு நா எழும்பாது.

தெரியாது அண்ணா. தெரிந்து எழுதவில்லை. நீ நான்கு தடவை கேட்டாய். நான்கு தடவையும் எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தங்கை படித்தவள் என்று நீ கேட்கிறபோது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கல் தேறிய சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன்.

எழுதியதில் பாதி உண்மை, அதுதான் இன்னும் மோசம். கல்லுக்குள் தண்ணீர் இல்லை. இல்லாததால்தான் அது தண்ணீரை விடாது. மேட்டிலிருந்து மண்ணுக்கடியில் இறங்கி வரும் தண்ணீரைப் பூமிக்குள் ஏரிக்கரை மாதிரி அது மறித்து நிற்கிறது. அதனால்தான் நம் பக்கம் கிணறு நிறைந்தது, துளசிராமன் பக்கம் காய்ந்தது. இது எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நம் கிணறு என்று வந்தபோது எனக்கு ஞாபகம் வரவில்லை. நீ போட்ட கடைசித் துளை கரையின் மறுபக்கத்தைத் தட்டிவிட்டது. கம்பி லேசாகப் போனது அதனால்தான். அந்தத் துளையை நான்தான் கேட்டு வாங்கினேன்.

உடனே அடைத்துவிடு. ஏரிக் களிமண்ணை நன்றாக மிதித்துத் துளைக்குள்ளும் விரிசலிலும் திணி, மேலே சிமெண்ட் பூசு. நிற்குமா என்று கேட்டால், அதுவும் தெரியாது. நின்றால் படிப்படியாகத்தான் ஏறும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ரகுநந்தன் சாரிடம் சொல்லிவிட்டேன். வில்லை அழுத்தும் மேஜைக்கே திரும்பி வந்துவிட்டேன். உன் கையெழுத்துள்ள காகிதம் இதோடு இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

கல்பனா


பள்ளிப்பட்டு,
4-4-2025

அன்புள்ள கல்பனா,

உன் கடிதம் வந்த அன்றே களிமண் எடுத்துக்கொண்டு போனேன். அடைத்தால் துளசிராமன் கிணறு போய்விடும். அவனிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். போனால் அவன் முன்பே அங்கே நிற்கிறான். காலடியில் அவனுடைய பாழான போரிலிருந்து பிடுங்கிய இரண்டங்குலக் குழாய், கையில் அதன் கேட் வால்வு. நான் வாய் திறக்கும் முன்னால் அவனே சொன்னான். "உன் நெல்லு பால் புடிக்கிற நேரம், அடைச்சிக்கோ. ஆனா சும்மா அடைக்காத, இத்த உள்ள வச்சி அடைச்சிக்கோ. அறுப்பு முடிஞ்சா ரெண்டு மாசம் உனுக்கு தண்ணி எதுக்கு? அப்ப தொறந்து வுடு, நான் கேவுரு போட்டுக்கிறேன்."

அவனே இறங்கிக் களிமண் மிதித்தான். துளையில் குழாயைச் செருகி, சுற்றிலும் திணித்து, சிமெண்ட் பூசி வால்வை மூடினோம். அவன் கிணற்றில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

ஐந்து நாள் நம் கிணறு அசையவில்லை. ஆறாம் நாள் ஒரு படி நனைந்தது. இன்று இரண்டாம் படியும் நனைந்திருக்கிறது. மேல் ஒன்றரை ஏக்கர் தப்பிவிடும். கீழ் ஏக்கர் போனது போனதுதான், மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டேன். அழவும் செய்தேன், மறைப்பானேன்.

ஆனால் உன் மேல் கோபம் இல்லை. தெரியாது என்று நீ எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இத்தனை கடிதத்தில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அறுப்பு இருபதாம் தேதிக்குள் முடியும். வால்வை எத்தனை சுற்றுத் திறக்கலாம், எத்தனை நாள் விட்டால் இரண்டு கிணறும் தாங்கும் என்று துளசிராமன் கேட்டான். எனக்குத் தெரியாது, என் தங்கைக்கும் தெரியாது, அவள் வந்து அளந்து பார்த்துச் சொல்லட்டும், அதுவரை ஒரு சுற்றும் திருப்ப வேண்டாம் என்றேன். அவன் சரி என்று விதைக் கேழ்வரகு வாங்கப் போயிருக்கிறான். பத்து நாளாவது லீவு போட்டுக்கொண்டு வா.

தணிகைவேல்